கந்தக வளையம் கட்டும்போது எங்கே தவறுகிறோம்?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்குப் பென்சோதையசோல், பென்சோதயோஃபீன் போன்ற கந்தகம் உள்ள வளைய மூலக்கூறுகளை எடுத்திருக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஈல்டு (கிடைக்கும் விளைபொருளின் அளவு) குறைந்தால் பலரும் முதலில் வினையூக்கியான பல்லேடியத்தின் அளவைக் கூட்டுகிறார்கள். காசுதான் வீணாகும். தையால், சல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் பல்லேடியத்தை இறுகப் பிடித்து முடக்கிவிடும். கூடுதலாகப் போடுவதற்கும் அதே கதிதான். லிகண்ட் என்பது உலோகத்தோடு பிணையும் துணை மூலக்கூறு; உலோகத்தை இரண்டு பாஸ்பரஸால் கவ்விக்கொள்ளும் லிகண்டைச் சேருங்கள். இல்லையென்றால் காப்பர் அயோடைடு என்ற செம்பு உப்பும் 1,10-ஃபினாந்த்ரோலின் என்ற லிகண்டும் போதுமா என்று பாருங்கள். பல வளையங்களுக்குப் போதும்.

அடுத்தது காற்று. தையால் ஆக்சிஜன் பட்டால் இரண்டிரண்டாக இணைந்து டைசல்ஃபைடு ஆகிவிடும், செம்பு இருந்தால் இன்னும் வேகமாக. மேலே நைட்ரஜன் பலூன் குத்தினால் மட்டும் போதாது. கரைப்பானுக்குள்ளேயே நைட்ரஜனைக் குமிழியாக விட வேண்டும். நம் மாவட்டத்தில் ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. காரமாகப் போடும் சீசியம் கார்பனேட் பாட்டிலை மூடாமல் வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தராசு காட்டும் எடையில் ஒரு பங்கு தண்ணீராக இருக்கும். டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானும் அப்படித்தான்.

ஆனால் எனக்கு மிகவும் வருத்தம் தருவது பிளாங்க், அதாவது ஏதாவது ஒன்றைப் போடாமல் செய்யும் ஒப்பீட்டுச் சோதனை, வைக்காமல் விடுவது. ஆர்த்தோ-புரோமோ தையோஅனிலைடு என்ற தொடக்கப்பொருளைக் காரத்தோடு சூடாக்கினால், உலோகமே இல்லாமல் பென்சோதையசோல் கிடைக்கக்கூடும். அதைப் பார்க்காமல் 'செம்பு வினையூக்கி' என்று ரிப்போர்ட்டில் எழுதினால், அந்த வரிக்கு ஆதாரம் இல்லை. உலோகம் போடாத ஒரு குடுவை, லிகண்ட் போடாத ஒரு குடுவை, இரண்டையும் அதே சூட்டில், அதே நேரம் வையுங்கள். காந்தக் கிளறியும் புதிதாக இருக்கட்டும் மக்களே. பழைய கிளறியின் டெஃப்லான் உறைக் கீறல்களில் முந்தைய உலோகம் ஒட்டியிருக்கும். பாட்டிலில் எழுதியிருக்கும் உலோகம்தான் வேலை செய்கிறது என்றும் நம்பிவிட முடியாது. இரும்பு குளோரைடு செய்ததாக அறியப்பட்ட சில இணைப்பு வினைகளில், அதில் மிகச் சிறிய அளவில் கலந்திருந்த செம்புக்கே பங்கு இருப்பதை வேதியியலாளர்கள் புக்வால்டும் போல்மும் 2009-இல் காட்டினார்கள்.

கந்தகப் பொடியைப் பயன்படுத்தினால் இன்னொன்றையும் கவனியுங்கள். விளைபொருளைச் சுத்தப்படுத்தும் சிலிக்கா குழாயில் (காலம், column) மீந்த கந்தகம் ஹெக்சேன் கரைப்பானோடு வேகமாக ஓடி, பென்சோதயோஃபீனோடு சேர்ந்தே இறங்கும். அதில் ஹைட்ரஜன் இல்லாததால் ஹைட்ரஜன் அணுக்களை மட்டும் காட்டும் புரோட்டான் என்.எம்.ஆர். சோதனையில் பொருள் சுத்தமாகத் தெரியும், எடை மட்டும் கூடியிருக்கும். கரைசலில் சுத்தமான செம்புத் தூளைப் போட்டுக் குலுக்கினால், கந்தகம் இருக்கும்வரை தூள் கறுக்கும்.

சோடியம் சல்ஃபைடு கழிவில் ஒருபோதும் அமிலம் ஊற்றாதீர்கள். கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அடர்ந்தால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். வாடை நின்றதால் வாயு போய்விட்டது என்று நினைப்பது உயிருக்கே ஆபத்து. தையால் பட்ட கண்ணாடிகளை ஃபியூம் ஹூடுக்குள்ளேயே நீர்த்த பிளீச்சில் ஊறவையுங்கள். அந்தத் தொட்டியிலும் அமிலம் சேரக் கூடாது; சேர்ந்தால் குளோரின் வரும்.