முன்னாள் கணவரின் பி.எஃப்., பென்ஷன்: ஜீவனாம்ச மனுவில் எப்படிக் காட்டுவது?

பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்தில், குடும்ப நல நீதிமன்ற வராண்டாவில் அடிக்கடி என் காதில் விழும் கேள்வி: "மேடம், அவர் ரிட்டயர் ஆனா பென்ஷன்ல பாதி எனக்கு வருமில்ல?"

வராது. அமெரிக்காவில் நீதிமன்ற உத்தரவு வாங்கி ஓய்வூதியத்தையே பிரிக்கிறார்கள். இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் அந்தப் பணத்தைக் கணக்கில் காட்டி, ஜீவனாம்சத்தைக் கூட்டிக் கேட்கலாம். விவாகரத்தில் நிரந்தர ஜீவனாம்சம் பற்றிப் பேசும் இந்து திருமணச் சட்டம் 25-ஆம் பிரிவை வைத்துச் சொல்கிறேன். மற்ற மதத்தினருக்குச் சட்டம் வேறு.

படி 1: என்னென்ன வரும் என்று எழுதுங்கள்

தனியார் கம்பெனி என்றால் பி.எஃப்., அதோடு ஒட்டிய பென்ஷன், கிராஜுவிட்டி (பணிக்கொடை). தமிழக அரசு வேலை என்றால் சேர்ந்த தேதி முக்கியம். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களைப் பழைய பென்ஷனில் எடுக்கவில்லை, ஊழியரும் அரசும் பணம் போடும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில்தான் சேர்த்தார்கள்.

படி 2: பாஸ்புக்கைப் படியுங்கள்

பி.எஃப். பாஸ்புக்கில் (அதை வரவழைக்கும் வழி படி 3-இல்) மூன்று பத்திகள் இருக்கும்: ஊழியர் பங்கு, கம்பெனி பங்கு, பென்ஷன் பங்கு. மூன்றாவதில் பலருக்கும் மாதாமாதம் 1,250 ரூபாய் ஏறும். 15,000 ரூபாயில் 8.33 சதவீதம் அது. இதைப் பார்த்துப் பெரிய பென்ஷன் வரும் என்று நம்பி ஏமாறாதீர்கள். கணக்கிடும் சம்பளம் 15,000, சர்வீஸ் 14 வருடம் என்றால், பென்ஷன் சூத்திரப்படி 15,000 × 14 ÷ 70 = மாதம் 3,000 ரூபாய். அவ்வளவுதான். கனமான தொகை முதல் இரண்டு பத்திகளில் இருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள்: நீங்கள் பிரிந்து வந்த பிறகு அட்வான்ஸ் ஏதாவது எடுத்திருக்கிறாரா? தேதியோடு தெரியும்.

படி 3: பாஸ்புக்கை நீதிமன்றம் வழியாக வரவழையுங்கள்

அவர் போனில் ஓ.டி.பி. பார்த்து உள்ளே நுழையும் வேலை வேண்டாம். வழக்கு உங்கள் மேலேயே திரும்பும். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் சொன்னபடி, இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். நீங்களும்தான். அவர் பி.எஃப். கட்டத்தைக் காலியாக விட்டால், கம்பெனியிடமிருந்து ஆவணங்களை வரவழைக்க வக்கீல் மூலம் மனு போடுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையா? வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

படி 4: மொத்தமாகவா, மாதாமாதமா?

என் சாய்வு மொத்தத் தொகை பக்கம். விவாகரத்தான மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. அவர் போய்விட்டால் அந்த வாசல் உங்களுக்குத் திறக்காது. அப்புறம், பி.எஃப். கணக்கில் இருக்கும் பணத்தை ஜப்தியிலிருந்து சட்டம் காப்பாற்றுகிறது. அதனால் அவர் பெயரில் வீடோ மனையோ இருந்தால், ஜீவனாம்சத்துக்கு அதை ஈடாக வைக்கச் சொல்லி மனுவிலேயே கேளுங்கள். 25-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.

மாதாமாதம்தான் என்று முடிவானால், ஒன்று தெரிந்திருக்கட்டும்: 2017-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயம் என்றது. பேரம் பேச அது ஓர் அளவுகோல். எல்லாருக்கும் அதே விகிதம் என்று எண்ண வேண்டாம். பின்னாளில் நிலைமை மாறினால் தொகையை மாற்றக் கேட்கலாம், அவரும் கேட்கலாம்.

படி 5: சமரசப் பேச்சில் வார்த்தையைக் கவனியுங்கள்

"ரிட்டயர் ஆனதும் பாதி தர்றேன்" என்பார். சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். நடுவில் வேலையை விட்டால்? வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வாங்கினால்? எத்தனை ரூபாய், எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன வட்டி என்று மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.