பையனுக்கும் எச்.பி.வி. ஊசி: எப்போது, எப்படிக் கேட்டுப் போடுவது?

எச்.பி.வி. (பெரும்பாலும் பாலுறவில் பரவும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்றாலே பெண்களுக்கு வரும் கருப்பைவாய்ப் புற்றுநோய்தான் ஞாபகத்துக்கு வருகிறது, அதனால் பையனைப் பெற்றவர்கள் "இது நமக்கில்லை" என்று தாண்டிப் போய்விடுகிறோம். வைரஸ் ஆண், பெண் பார்ப்பதில்லை. தொண்டையின் பின்பகுதி, அடிநாக்கு, ஆசனவாய், ஆண்குறி ஆகிய இடங்களில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களிலும் அதற்குப் பங்கு உண்டு. பாலுறுப்பில் வரும் மருக்களில் பத்துக்கு ஒன்பது இதன் 6, 11 வகைகளால் வருபவை. பெண்களுக்காவது பரிசோதனை செய்து முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கிறது, ஆண்களுக்கு அப்படி வழக்கமான பரிசோதனை எதுவும் கிடையாது.

சரி, எப்போது போடுவது? 9 முதல் 14 வயதுக்குள். "சின்னப் பையன், இப்பவே எதுக்கு?" என்று வீட்டில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். சின்னப் பையன் என்பதால்தான் இப்போதே. அந்த வயதில் உடல் நன்றாக எதிர்ப்பாற்றலை உண்டாக்கும், அதோடு வைரஸ் உள்ளே வருவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன். ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட தொற்றை இந்த ஊசி விரட்டாது.

15 வயது நிறைவதற்குள் தொடங்கினால் பொதுவாக 2 டோஸ், நடுவில் 6 முதல் 12 மாதம். அதற்கு மேல் என்றால் பல நாடுகளில் 3 டோஸ்: முதல் ஊசி, ஓரிரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் கடைசி. ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் 2023-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே டோஸ் என்று மாற்றிவிட்டன, ஆகவே உங்கள் நாட்டு அட்டவணையைக் கேட்டுக்கொள்ளுங்கள். எதிர்ப்பாற்றல் குறைந்த பிள்ளை என்றால் கணக்கு வேறு, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது ஊசி தள்ளிப்போய்விட்டதா? பதற வேண்டாம், முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம்.

டாக்டரிடம் நீங்களேதான் பேச்சை எடுக்க வேண்டியிருக்கும், பையன்களுக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்வது அபூர்வம். இரண்டு கேள்வி போதும்: இந்த ஊசிக்கு ஆண்களுக்குப் போட அனுமதி உண்டா? எத்தனை வகை வைரஸைத் தடுக்கும்? 16, 18 என்ற இரண்டை மட்டும் தடுக்கும் ஊசியும் இருக்கிறது, அது மருக்களுக்கு உதவாது. நான்கு வகை, ஒன்பது வகை ஊசிகள் உதவும்.

வளர்ந்த ஆண்களும் 26 வயது வரை தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். 27 முதல் 45 வரை டாக்டரிடம் பேசி முடிவு செய்வது நல்லது, அந்த வயதில் பலன் குறைவு.

ஊசி போடும் நாளில் பையன் சாப்பிட்டிருக்கட்டும், மேலே சுருட்டிவிட வசதியான சட்டை போடட்டும். மேற்கையில்தான் குத்துவார்கள். குத்தியதும் "ஒண்ணுமில்லை" என்று எழுந்து கதவு வரை போய், அங்கே முகம் வெளிறி, நெற்றி வியர்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சரியும் பையன்கள் உண்டு (மீசை அரும்பியவர்களும் இதில் அடக்கம்). மருந்தின் கோளாறு இல்லை, இந்த வயதில் எந்த ஊசிக்கும் நடப்பதுதான், அதனால் 15 நிமிடம் உட்கார வைத்துவிட்டுக் கிளம்புங்கள். கை வலி, லேசான காய்ச்சல், தலைவலி வந்து ஓரிரு நாளில் போய்விடும். ஈஸ்ட்டுக்கோ முந்தைய டோஸுக்கோ கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் போடுகிறார்களா? கேட்டுப் பார்க்கலாம், கேட்காமல் எதுவும் மாறியதில்லை. ஆஸ்திரேலியா 2007-இல் பெண் பிள்ளைகளோடு தொடங்கி 2013-இல் பையன்களைச் சேர்த்தது, பிரிட்டன் 2008-இல் தொடங்கி 2019-இல் சேர்த்தது. "பெண்கள் போட்டுக்கொண்டால் ஆண்களுக்கும் பாதுகாப்புதானே" என்று பதில் வரும். பாதி உண்மைதான். பெண்களில் நிறையப் பேர் போட்டுக்கொண்டால்தான் அந்தக் கேடயம் நிற்கும், ஆணோடு உறவு வைக்கும் ஆணுக்கு அதனால் பெரிதாகப் பயனும் இல்லை. ஆனால் மருந்து கையிருப்பு குறைவாக இருக்கும் இடத்தில் பெண் பிள்ளைகள்தான் முதலில், உலக சுகாதார நிறுவனமும் அப்படித்தான் சொல்கிறது, அதில் சண்டை போடாதீர்கள். கையிருப்பு இருக்கிறது என்றால், அதே நாளில் அதே சம்மதப் படிவத்தில் பையன்களையும் சேர்க்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும்.

அப்புறம், தடுப்பூசி அட்டையை அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த டோஸ் தேதியை உங்கள் போனிலும் பையன் போனிலும் போட்டுவையுங்கள். ஆறு மாதம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.