வன்னியில் வீட்டுச் சுகாதார ஆய்வு: எத்தனை வீடுகளுக்குச் செல்ல வேண்டும்?

கணக்கில் இறங்குமுன், ஆய்வு விடைகாண வேண்டிய முதன்மைக் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். ஒட்டுசுட்டான் பிரதேச செயலாளர் பிரிவில், குடிநீரைக் கொதிக்கவைத்தோ வடிகட்டியோ அருந்தும் வீடுகள் நூற்றுக்கு எத்தனை என்பது அக்கேள்வி என வைத்துக்கொள்வோம்.

அடுத்ததாக, விடையில் எவ்வளவு வழுவை ஏற்கலாம் என முடிவு செய்யுங்கள். உண்மை வீதம் முன்கூட்டியே தெரியாதபோது அதை 50 சதவீதம் எனக் கொள்வதே பாதுகாப்பானது. 1.96இன் வர்க்கத்தை 0.5ஆலும் மீண்டும் 0.5ஆலும் பெருக்கி, ஏற்கும் வழுவின் (5 சதவீதப் புள்ளி எனில் 0.05) வர்க்கத்தால் வகுத்தால், 95 சதவீத நம்பிக்கை மட்டத்துக்கான எண் கிடைக்கும்; அதாவது, இதே ஆய்வை நூறு முறை நடத்தினால் ஏறத்தாழ 95 முறை விடை அந்த வழு எல்லைக்குள் அமையும். வழு 5 சதவீதப் புள்ளி எனில் 385 வீடுகள், 10 எனில் 97 வீடுகள். வடிகட்டி வழங்கும் திட்டம் தேவையா என்று தீர்மானிக்க மட்டும் என்றால், 10 போதுமென்பது என் கருத்து.

ஆனால் 97 என்பது வீடுகளைத் தனித்தனியே குலுக்கி எடுத்தால் மட்டுமே பொருந்தும். ஒரே குளத்தையும் ஒரே நிலத்தடி நீரையும் நம்பியிருக்கும் கிராமத்தில் அயல்வீடுகளின் பழக்கம் பெரும்பாலும் ஒத்திருப்பதால், அங்கே கூடுதலாகச் சந்திக்கும் ஒவ்வொரு வீடும் தரும் புதிய தகவல் குறைவு. அந்த ஒற்றுமையின் அளவை (ஒற்றுமையே இல்லையெனில் 0, முழுதும் ஒத்திருந்தால் 1) 0.05 எனக் கொள்வோம். கிராமத்துக்கு 20 வீடுகள் எடுத்தால் 97ஐப் பெருக்க வேண்டிய காரணி 1 + 19 × 0.05, அதாவது 1.95; 10 வீடுகள் எடுத்தால் 1.45. பத்தில் ஒரு வீட்டில் பதில் கிடைக்காது எனக் கருதி 0.9ஆல் வகுக்கும்போது, முதலாவது முறைக்கு 212 வீடுகளும் இரண்டாவதற்கு 157 வீடுகளும் தேவைப்படும். எனவே 11 கிராமங்களில் 20 வீடுகள் வீதம் செல்வதும், 16 கிராமங்களில் 10 வீடுகள் வீதம் செல்வதும் ஏறத்தாழ ஒரே துல்லியத்தைத் தரும். ஊர்களுக்கிடையே காட்டுப் பாதைகள் நீளும் வன்னியில், எரிபொருட் செலவையும் நேர்காணுவோரின் எண்ணிக்கையையும் பார்த்தே இவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும்.

கிராமங்களை அவற்றின் வீட்டு எண்ணிக்கைக்கு ஏற்ற நிகழ்தகவுடனும் (வீடுகள் கூடிய கிராமத்துக்குக் கூடிய வாய்ப்பு), வீடுகளைக் கிராம அலுவலரின் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையிலும் தெரிவு செய்யுங்கள். பெரும்போக அறுவடைக் காலத்தில் பகலில் பல வீடுகள் பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டைப் பதிலாக எடுக்காமல், மாலையில் மீண்டும் செல்லுங்கள். வீட்டிலிருப்போரை மட்டுமே சந்தித்தால், வயலுக்குச் செல்லும் குடும்பங்களின் நிலை ஆய்வில் இடம்பெறாமலே போய்விடும். அந்தக் குறையை மாதிரியைப் பெருப்பித்துத் தீர்க்க முடியாது.