முதலில் மெயிலைப் பூட்டுங்கள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் என் தொழில். "அக்கவுண்ட் போயிடுச்சு, எப்படியாவது எடுத்துக் கொடுங்க" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்க மெயில் திறக்குதா?" என்பதுதான். திறக்கிறது என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. ஃபேஸ்புக்கோ ஷாப்பிங் தளமோ, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று அழுத்தினால் புதிதாக வைப்பதற்கான லிங்க் பெரும்பாலும் அந்த மெயிலுக்குத்தான் வரும். திருடனுக்கும் அதே வழிதான். மெயில் அவன் கைக்குப் போய்விட்டால் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை அவன் கண்டுபிடிக்கவே வேண்டியதில்லை, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவான். அதனால் இன்றைக்கு உங்களுக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால், அதை முழுக்க மெயிலுக்கே கொடுங்கள்.

பாஸ்வேர்ட் எப்படிப் பறிபோகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே புரியும். யாரோ ஒருவன் உட்கார்ந்து உங்கள் பெயரையும் பிறந்த நாளையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்ப்பது அபூர்வம். நடப்பது வேறு. நீங்கள் எப்போதோ பதிவு செய்து மறந்துபோன ஒரு தளத்தை உடைத்து, அங்கிருக்கும் மெயில் முகவரிகளையும் பாஸ்வேர்டுகளையும் மொத்தமாக அள்ளுகிறார்கள். பிறகு அந்த ஜோடிகளை மற்ற தளங்களில் நிரல் வைத்து வரிசையாகப் போட்டுப் பார்க்கிறார்கள். 2009-ல் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 3 கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் வெளியே வந்தன. அவர்கள் எதையும் மறையாக்கம் செய்யாமல், அதாவது பிறர் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றாமல், அப்படியே சேமித்து வைத்திருந்தார்கள். அதில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. அந்தப் பட்டியலை இன்றும் பாஸ்வேர்ட் உடைப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

ஆகவே நான் சொல்லும் முதல் விதி: எந்த இரண்டு கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்ட் கூடாது. கடைசியில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுவதும், தளத்தின் பெயரை ஒட்டவைப்பதும் வேறு பாஸ்வேர்ட் ஆகாது. ஒன்றைப் பார்த்தவனுக்கு மற்றதும் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், பாஸ்வேர்ட் எவ்வளவு சிக்கலாக இருக்கிறது என்பதைவிட அது ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறதா என்பதே முக்கியம்.

ஆங்கில ஓ (o) எழுத்துக்குப் பதில் சுழியம், ஆங்கில ஏ (a) எழுத்துக்குப் பதில் அட் குறி (@), கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி. இந்த மாற்றங்களெல்லாம் உடைக்கும் மென்பொருள்களில் விதிகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன. பாட்டு வரி, பழமொழி, பிள்ளைகளின் பெயரோடு பிறந்த வருடம், இவையும் வேண்டாம். நம் மனதில் சட்டென்று வருவது இன்னொருவர் மனதிலும் வரும். அதனால் தேர்வை நம் கையிலிருந்து எடுத்துப் பகடையிடம் கொடுத்துவிடுவது நல்லது.

1995-ல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் சொன்ன முறை இது. பெயர் டைஸ்வேர். 7,776 சொற்கள் கொண்ட பட்டியல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து இலக்க எண். பகடையை ஐந்து முறை உருட்டுங்கள். 4, 1, 3, 5, 2 என்று விழுந்தால் 41352 என்ற எண்ணுக்கு நேரே இருக்கும் சொல் உங்களுடையது. இதையே ஆறு தடவை செய்தால் ஆறு சொற்கள். இணைய உரிமைகளுக்கான அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2016-ல் வெளியிட்ட பட்டியலில் எளிமையான ஆங்கிலச் சொற்களாக இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். கீபோர்டில் உள்ள 95 குறிகளிலிருந்து கண்மூடித்தனமாக எடுத்த எட்டு எழுத்து பாஸ்வேர்டைவிட, இப்படி எடுத்த ஐந்து சொற்களுக்கு 4,000 மடங்குக்கும் மேல் சாத்தியங்கள் உண்டு. ஆறு சொல் என்றால் 3 கோடி மடங்கைத் தாண்டும். ஆனால் எட்டு எழுத்துக் குப்பையை நினைவில் வைக்கத் திணறுவோம். ஏணி, தபால், கொசு, குடை, நிலா, பானை என்பது போன்ற ஒரு வரிசையை, ஏணியில் ஏறிய தபால்காரரைக் கொசு கடித்தது என்று ஏதாவது கதை கட்டி ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். ஒரு நிபந்தனை: விழுந்த சொற்களை விழுந்த வரிசையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லை என்று ஒன்றைத் தூக்கிவிட்டு நாமே வேறு சொல்லைப் போட்டால் பகடை உருட்டியதன் பலன் குறைந்துவிடும்.

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக. ஆனால் ழ, ள, ற வரும் சொற்களைப் பகடை உருட்டுவதற்கு முன்பே பட்டியலில் தவிர்த்துவிடுங்கள். ழகரத்தை ஒரு நாள் ஒரே எழுத்தாலும் இன்னொரு நாள் இரண்டு எழுத்தாலும் எழுதுவோம். நெடிலிலும் அதே குழப்பம். ஆறு மாதம் கழித்துச் சொல் நினைவிருக்கும், எழுதிய விதம் மறந்திருக்கும். நேரடியாகத் தமிழ் எழுத்தில் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. சில தளங்கள் ஏற்காது, ஏற்றாலும் தமிழ் விசைப்பலகை இல்லாத கணினியில் மாட்டிக்கொள்வீர்கள்.

இவ்வளவு பாடுபட்டு நினைவில் வைக்க வேண்டியவை இரண்டோ மூன்றோதான்: மெயிலுக்கு ஒன்று, பாஸ்வேர்ட் மேனேஜருக்கு ஒன்று, கணினி லாகினுக்கு ஒன்று. மேனேஜர் என்பது உங்கள் பாஸ்வேர்டுகளையெல்லாம் பூட்டி வைத்து, வேண்டிய இடத்தில் நிரப்பும் ஆப். மற்றதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். பிட்வார்டன் இலவசமாகக் கிடைக்கிறது, போனிலும் கணினியிலும் ஒன்றாக ஓடும். இணையத்தில் வைக்கவே மனமில்லை என்றால் கீபாஸ்எக்ஸ்சி இருக்கிறது. அது உங்கள் கணினியிலேயே மறையாக்கம் செய்த ஒரே கோப்பாக இருக்கும். அந்தக் கோப்புக்கு இன்னொரு பிரதி வேறிடத்தில் வைப்பது உங்கள் பொறுப்பு. மற்ற கணக்குகளுக்கு மேனேஜரிடமே இருபது எழுத்தில் ஒரு பாஸ்வேர்டை உருவாக்கச் சொல்லுங்கள், அது என்னவென்று நீங்கள் பார்க்கவே வேண்டாம்.

மேனேஜரால் இன்னொரு பெரிய நன்மை உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. அது தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் பாஸ்வேர்டை நிரப்பும். உங்கள் வங்கியின் பக்கம் போலவே அச்சு அசலாக ஒரு போலிப் பக்கம் வந்தால் கண் ஏமாறும், மேனேஜர் ஏமாறாது. வழக்கமாக நிரப்புகிற இடத்தில் அது சும்மா இருந்தால், கையால் அடிக்காமல் நிறுத்தி முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

"அந்த மேனேஜர் நிறுவனத்தையே உடைத்தால்?" நியாயமான கேள்வி. 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் மறையாக்கம் செய்யப்பட்ட பெட்டகங்களே திருடப்பட்டன. அப்படி ஆகும்போது உங்களைக் காப்பது உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டின், அதாவது மேனேஜரைத் திறக்கும் பாஸ்வேர்டின் வலுதான். அதற்குத்தான் ஆறு சொல். மறந்துவிடுவோம் என்ற பயம் இருந்தால் ஒரு தாளில் எழுதி, முக்கியமான பத்திரங்களோடு வீட்டில் வையுங்கள். இணையத் திருடன் உங்கள் பீரோவைத் திறக்கப் போவதில்லை. மானிட்டரில் ஒட்டுவதும் போனில் போட்டோ எடுத்து வைப்பதும்தான் கூடாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமா? வேண்டாம். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே, காரணமில்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். கசிந்தது என்று தெரிந்தால் மாற்றுங்கள். அதைத் தெரிந்துகொள்ள பாதுகாப்பு நிபுணர் ட்ராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் (Have I Been Pwned) தளத்தில் உங்கள் மெயில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். எந்தெந்தக் கசிவில் உங்கள் முகவரி இருக்கிறது என்று காட்டும்.

அடுத்து, பாஸ்வேர்டுக்கு மேல் போடும் இரண்டாவது பூட்டு. எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வருவது ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல். ஆனால் அதன் பலவீனம் உங்கள் சிம்மில் இருக்கிறது. உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்குபவனுக்கு அந்த ஓடிபி போகும். போன் திருடு போனால் திரைப்பூட்டைத் திறக்கக்கூடத் தேவையில்லை, சிம்மை உருவி வேறு போனில் போட்டால் போதும். அதனால் சிம்முக்கே ஒரு பின் எண் (PIN) வையுங்கள், போன் செட்டிங்ஸில் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள பின் எண் என்ன என்பதை உங்கள் சேவை நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மூன்று முறை தவறாக அடித்தால் சிம் பூட்டிக்கொள்ளும், அதைத் திறக்கும் பியுகே (PUK) எண் கேட்கும்.

எஸ்எம்எஸ்ஸைவிட ஆதென்டிகேட்டர் ஆப் நல்லது. 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணை அது போனுக்குள்ளேயே கணக்கிடுகிறது, நெட்வொர்க்கே தேவையில்லை. இதை ஆன் செய்யும்போது பல தளங்கள் பேக்கப் கோடுகள் தரும். கூகுள் பத்துத் தருகிறது. "அப்புறம் பார்க்கலாம்" என்று அந்தப் பக்கத்தை மூடாதீர்கள். போன் உடைந்த அன்று உங்களை உள்ளே விடப்போவது அவைதான். அச்சடித்து, மாஸ்டர் பாஸ்வேர்ட் எழுதிய தாளோடு சேர்த்து வையுங்கள். பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் போனோ கணினியோ வைத்திருக்கும் டிஜிட்டல் சாவி, கிடைக்கும் தளங்களில் அதையே எடுங்கள். அது ஒரு தளத்துக்கு மட்டுமே கட்டப்பட்டது, போலிப் பக்கத்தில் வேலை செய்யாது. ஓடிபியோ போலிப் பக்கத்தில் அடித்தாலும் திருடனுக்குப் போய்ச் சேரும், போனில் யாருக்கோ சொன்னாலும் போய்ச் சேரும். யார் கேட்டாலும், எந்தக் காரணம் சொன்னாலும், சொல்லாதீர்கள்.

பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையான பதில் வேண்டாம். 2008-ல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சேரா பேலினின் யாகூ மெயிலுக்குள் நுழைந்தவர், பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை முதலில் எங்கே சந்தித்தார் என்ற விவரங்களைப் பொதுவில் தேடி எடுத்துத்தான் நுழைந்தார். முதல் பள்ளி எது என்று கேட்டால் சம்பந்தமே இல்லாத நான்கு சொற்களைப் போட்டு, மேனேஜரில் குறித்து வையுங்கள்.

சரி, கணக்கு ஏற்கெனவே போய்விட்டது என்று சந்தேகமா? வைரஸ் இல்லை என்று நம்பக்கூடிய வேறு சாதனத்திலிருந்து மெயிலைத் திறந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். உள்ளே இருக்கும் எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றுங்கள். பிறகு ஃபார்வேர்டிங்கையும் ஃபில்டர்களையும் திறந்து பாருங்கள். திருடன் போகும்போது உங்கள் மெயில்களின் நகல் தனக்கும் வருவதுபோல ஒரு விதி எழுதி வைத்துப் போவதுண்டு. வங்கியிலிருந்து வரும் மெயில் நேராகக் குப்பைக்குப் போகும்படியும் செய்திருப்பான். பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அந்த விதி அங்கேயே இருக்கும். அதை அழித்த பிறகே வங்கி, சமூக ஊடகம் என்று மற்ற கணக்குகளுக்குப் போங்கள்.

கடைசியாக மீட்பு விவரங்கள். நான் பார்த்தவரை, மெயிலைத் திரும்ப எடுக்க முடியாமல் போனவர்களில் நிறையப் பேருக்குக் காரணம் ஹேக்கர் அல்ல, பழைய போன் நம்பர். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் கொஞ்ச காலத்தில் வேறு யாருக்கோ போய்விடும். மீட்பு முகவரியாகக் கொடுத்த பழைய மெயிலும் அப்படித்தான். கூகுள் இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கிவிடலாம் என்று விதி வைத்திருக்கிறது. உங்கள் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து, அங்கே இருக்கும் போன் நம்பர் இப்போது உங்கள் கையில் இருக்கும் போனுடையதுதானா, மீட்பு மெயிலுக்குள் உங்களால் நுழைய முடிகிறதா என்று இன்றே பாருங்கள். நம்பர் மாற்றும் நாளில், பழைய சிம்மை எடுப்பதற்கு முன்பே இந்தப் பக்கத்தில் புது நம்பரைப் போட்டுவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுடைய கணக்கையும் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை திறந்து பாருங்கள்.