பூட்டுக்குள் ஒடிந்த தூள் உலோக நெம்பு

சிங்கப்பூரின் தோ பாயோவில் என் அக்காவின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு டிஜிட்டல் பூட்டில், தாழ்ப்பாளைப் பின்னிழுக்கும் சிறு நெம்பு ஒடிந்துபோனது. உதிரிபாகம் தனியாகக் கிடைக்காது, முழுப் பூட்டையும் மாற்றுங்கள் என்று விற்றவர் கூறிவிட்டார். ஒடிந்த முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தபோது, கூரான உள்மூலையை ஒட்டி, சுவர் வழவழப்பான குழி ஒன்று தெரிந்தது. நுண்ணிய உலோகத்தூளை மெழுகும் பிளாஸ்டிக்கும் கலந்து அச்சில் செலுத்தி, பிறகு அவற்றை நீக்கிச் சூளையில் இறுக்கிய பாகம் அது. சூளையில் அது ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு வரை சுருங்கினாலும், அச்சிலேயே அகப்பட்ட காற்றுக்குமிழி உள்ளே தங்கிவிடக்கூடும்.

கைத்துப்பாக்கிகளில் இத்தகைய பாகங்கள் உழைக்குமா என்ற நெடுநாள் வாதமும் இதைச் சுற்றியதே. அழுத்தத்தை மட்டும் தாங்கும் பாகத்துக்கு இம்முறை நன்றாகவே பொருந்துகிறது. 1911 வகைக் கைத்துப்பாக்கியில் வில்போல் வளைந்துகொடுத்து, சுட்டபின் எஞ்சும் வெற்றுத் தோட்டாக்கூட்டை இழுக்கும் கொக்கிக்கோ பலரும் வில்லெஃகையே விரும்புகின்றனர். முறையையே ஒட்டுமொத்தமாகப் பழிப்பதை நான் ஏற்பதில்லை.

ஊபியில் நான் வேலை செய்யும் பட்டறையில், முதலாளியிடம் கேட்டு வாங்கிய, சூடாக்கிக் கடினப்படுத்தத்தக்க 17-4 பிஎச் வகைத் துருப்பிடிக்காத எஃகுத் துண்டிலிருந்து புதிய நெம்பை, மெல்லிய கம்பியில் மின்பொறி பாய்ச்சி உலோகத்தை அறுக்கும் ஒயர் கட் இயந்திரத்தில் வெட்டி, உள்மூலைக்கு அரை மில்லிமீட்டர் வளைவு கொடுத்து, 482 டிகிரி செல்சியசில் ஒரு மணி நேரம் பதப்படுத்தினேன். பதப்படுத்துகையில் இவ்வெஃகு மிகச் சிறிதளவு சுருங்குமாதலால், நெம்பைத் தாங்கும் ஊசி நுழையும் துளையை மட்டும் கடைசியில், துளையைச் சீவி அகலப்படுத்தும் கார்பைடு ரீமரால் அளவுக்குக் கொண்டுவந்து பூட்டில் பொருத்தினேன்.