கடலோரத்தில் கூடாரம் போடப் போகிறீர்களா?

சென்னையிலிருந்து கூடாரத்தோடு கடலோரக் காட்டுக்குக் கிளம்புவோர் முதலில் அனுமதியைக் கவனியுங்கள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் இரவு தங்க முடியாது. கோடியக்கரை சரணாலயத்திலும் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்கக் கூடாது. வனத்துறையிடம் முன்கூட்டியே பேசி, அவர்கள் சொல்லும் இடத்தில்தான் தங்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் வரும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் போனால் வெளிமான்களையும் பூநாரைகளையும் நிம்மதியாகப் பார்க்கலாம்.

கூடாரத்தோடு வரும் முளைகள் மணலில் நிற்கவே நிற்காது. கடற்காற்று ஒரே இழுப்பில் பிடுங்கிவிடும். நான்கைந்து வெற்று அரிசிப் பைகளை எடுத்துச் செல்லுங்கள். மணல் நிரப்பி, வாயைக் கட்டி, கயிற்றை அதில் முடிந்து, முழங்கை ஆழத்துக்குப் புதைத்துவிடுங்கள். கடற்காற்றுக்கு எளிதில் அசையாது. ஊரிலேயே மொட்டை மாடியில் ஒருமுறை விரித்துப் பாருங்கள், இருட்டில் தடுமாற வேண்டியிருக்காது.

காய்ந்த பாசியும் கிளிஞ்சலும் வரிசையாகக் கிடக்கும் கோடுதான் கடைசியாக அலை வந்து போன எல்லை. அதற்கு வெகு மேலே தங்குங்கள். பௌர்ணமி, அமாவாசை நாட்களில் கடல் இன்னும் ஏறி வரும்.

குடிநீரை ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டராவது கொண்டுபோங்கள். தயவுசெய்து கடற்கரையில் வெள்ளை விளக்கு மட்டும் வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் அந்த வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.