பையரிடம் "யெஸ்" சொல்லும் முன்

போன வாரம் பக்கத்து சீட்டுத் தம்பி போனில் பையரிடம், அதாவது நம் துணியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரரிடம், "யெஸ், யெஸ்" என்று சொல்லிவிட்டு வைத்தான். "லேபிள் வந்திருச்சா தம்பி?" என்றேன். "இல்லீங்கண்ணா. வரலையான்னு கேட்டாரு, அதைத்தான் யெஸ்னு சொன்னேன்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. திருப்பூரில் மெர்ச்சன்டைசராக, அதாவது பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிப்பவனாக, சேர்ந்த புதிதில் நான் செய்ததும் இதேதான். ஆங்கிலத்தில் ஸ்பெல்லிங், உச்சரிப்பெல்லாம் சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் உண்டு. அவர்கள் விட்டுவிடுவதை மட்டும் எழுதுகிறேன்.

"ஹேவன்ட் யூ?" என்றால் "யெஸ்"

இங்கிலாந்து பையர் ஒருவர் "ஹேவன்ட் யூ காட் அவர் அப்ரூவல்?" என்று கேட்டார், "எங்க அப்ரூவல் வரலையா?" என்று. லேப் டிப் அப்ரூவல், அதாவது சாயம் போட்ட மாதிரித் துண்டின் நிறத்துக்குப் பையர் தரும் சம்மதம், வந்திருக்கவில்லை. "யெஸ் சார்" என்றேன். "ஆமா சார், வரல" என்பது என் கணக்கு. அவர் "குட்" என்று வைத்துவிட்டார். அந்த "குட்"டாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். துணி சாயப்பட்டறைக்குப் போய்விட்டது என்று அவர் இருந்தார், அப்ரூவல் வரட்டும் என்று நான் இருந்தேன். ஒன்பது நாள் போனது. தூத்துக்குடியில் கப்பல் தவறி, சரக்கு விமானத்தில் போயிற்று, கம்பெனி செலவில். முதலாளி திட்டவில்லை. ஏர் ஃப்ரைட் பில்லை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

"வரலையா?" என்றால் தமிழில் "ஆமா, வரல" என்போம், "இல்ல, வரல" என்றும் சொல்வோம். எப்படியும் அந்த "வரல" காப்பாற்றிவிடும். நம் "ஆமா", கேட்டவர் நினைத்தது சரி என்கிறது. ஆங்கில "யெஸ்" அப்படியில்லை. காரியம் நடந்திருந்தால் யெஸ், நடக்கவில்லையென்றால் நோ, கேள்வி எப்படி வந்தாலும். ஜப்பானியமும் கொரிய மொழியும் நம் கட்சிதான்.

எரிச்சல் என்னவென்றால், விதி தெரிந்தவனும் மாட்டுகிறான். தாளில் எழுதிக் கேட்டால் அந்தத் தம்பி சரியாகச் சொல்வான். போனில் காது "அப்ரூவல்" என்ற சொல்லைத்தான் பிடிக்கும், "ன்ட்" நழுவிவிடும். அதனால் யெஸ்ஸும் வேண்டாம், நோவும் வேண்டாம். "வீ ஹேவ் நாட் ரிசீவ்ட் இட்" என்று முழுசாகச் சொல்லுங்கள்.

"டூ யூ மைண்ட் வெயிட்டிங்?"

"காத்திருப்பதில் ஆட்சேபம் உண்டா?" என்பதுதான் கேள்வி. இதற்கு "யெஸ், யெஸ்" என்றால் காத்திருக்க மாட்டேன் என்று அர்த்தம்.

"எஸ்டர்டே ஒன்லி வீ சென்ட்"

"நேத்துதான்" என்பதில் உள்ள "தான்" இது. "வீ சென்ட் இட் ஜஸ்ட் எஸ்டர்டே" போதும்.

"ஷீ கோ"

விடுங்கள். டூலே, பர்ட் என்ற இருவர் 1974-ல் ஸ்பானிஷ், சீனம் பேசும் வீட்டுப் பிள்ளைகளிடம் 11 ஆங்கில உருபுகள் எந்த வரிசையில் படிகின்றன என்று பார்த்தார்கள். இரு தரப்புக்கும் வரிசை ஏறக்குறைய ஒன்றே. "இங்" சீக்கிரம் வந்தது, "ஷீ கோஸ்" என்பதில் வரும் அந்த "ஸ்" கடைசிப் பக்கம். அது விட்டுப்போனதால் எந்த ஷிப்மென்ட்டும் நின்றதில்லை.

"கேன்", "கான்ட்"

எது என்று காதில் சரியாக விழாவிட்டால் மறுபடி கேளுங்கள்.

போனை வைத்ததும்

ஒரு வரி மெயில். அந்தத் தம்பியை அப்போதே போடச் சொன்னேன், லேபிள் வரவில்லை என்று. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "ஓ, ஐ தாட் யூ ஹாட் தெம்."